பிரசவ வார்டில் இருக்கும் ஒரு தீவனப் புல்லின் கதை

கொஞ்சம் நீளமான இழை. ஒரு டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

பிரசவம் முடிந்த பிறகும் ரத்தப்போக்கு நிற்காத தாய்க்கு நாங்கள் போடும் ஊசிகளில் ஒன்று மெத்தில் எர்கோமெட்ரின். வார்டில் யாரும் முழுப் பெயரைச் சொல்ல மாட்டாங்க, 'மெத்தர்ஜின்'தான். வெளிச்சம் படக்கூடாது என்பதால் பழுப்புக் கண்ணாடி ஆம்பூலில் வரும். ஒரு டோஸ் 0.2 மில்லிகிராம். ஒரு அரிசி மணியின் எடையில் நூறில் ஒரு பங்கு என்று வச்சுக்கோங்க. அவ்வளவுதான் மருந்து.

இதோட பூர்வீகம் என்ன தெரியுமா? ஒரு மாட்டுத் தீவனப் புல்லுக்கு வரும் நோய். அந்த நோயை வேணும்னே புல்லுக்கு வர வைத்து, நம்ம நீலகிரியில் பயிர் பண்ணிப் பார்த்திருக்காங்க. அதுவும் உலகப் போர் நடந்துக்கிட்டிருந்தப்போ. அந்தக் கதைதான் இது.

முதல்ல புல். அதோட பேர் 'ரை'. கோதுமைக்கும் பார்லிக்கும் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஐரோப்பாவில் ஏழைகளின் ரொட்டி பல நூற்றாண்டு இந்த ரை மாவில்தான். ஆனா தானியத்துக்கு மட்டும் விதைப்பதில்லை. குளிர் ஆரம்பிக்கும்போது விதைத்தால், மற்ற புல் எல்லாம் சுருண்டு கிடக்கும் நேரத்தில் இது பச்சையா நிற்கும். மாட்டை மேய விடலாம், அறுத்துப் போடலாம், காயவைத்துச் சேமிக்கலாம்.

இங்கே ஒரு வார்த்தையைத் தெளிவுபடுத்திக்கலாம். நமக்குக் காய்ந்த தீவனம்னாலே வைக்கோல். நெல்லைப் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சுகிற தாள் அது, சத்து எல்லாம் ஏற்கெனவே மணிக்குப் போயாச்சு. குளிர் நாடுகளில் 'ஹே' என்று சொல்வது வேறு. மணி பிடிக்கும் முன்பே, சத்து இலையிலும் தண்டிலும் இருக்கும்போதே புல்லை அறுத்து, வெயிலில் புரட்டிக் காயவைத்து, பனி மூடும் மாதங்களுக்கு எடுத்து வைப்பது. உலர் புல். (ஹே ஃபீவர் என்ற மூக்கு ஒழுகும் தொல்லை இந்தப் புல் பூக்கும் பருவத்தில் வருவதால் அந்தப் பேர். அதை இன்னொரு நாள் எழுதுறேன்.)

நான் இருக்கிற பாரிவாக்கத்தில் ரை விதைத்தால் என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது, அதான் பிரச்சினை. ரை, ஓட்ஸ், ரைகிராஸ், ஃபெஸ்க்யூ போன்றவை குளிர்காலப் புற்கள். 15-லிருந்து 25 டிகிரிக்குள் நல்லா வளரும். 30-ஐத் தாண்டினால் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். பூந்தமல்லி, ஆவடி பக்கம் மாடு வச்சிருக்கவங்க ஓரமா கொஞ்சம் இடம் கிடைத்தால் கோ-4 கம்பு நேப்பியர் போடுவாங்க. அது வெயில் புல், சித்திரை வெயிலைத் தின்று வளரும். ரை அப்படி இல்லை. தமிழ்நாட்டில் அதுக்குப் பொருத்தமான இடம் மேலே இருக்கு. 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டி, அதைச் சுற்றிய மேடுகள். அங்கே இன்றும் சாண்டிநல்லா செம்மறி ஆடு இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையம் மாதிரியான இடங்களில் குளிர் நாட்டு மேய்ச்சல் புல்லைப் பார்க்கலாம்.

சரி, புல்லுக்கு வரும் நோய்க்கு வருவோம்.

ரை பூக்கும்போது அதன் பூ நல்லா வாய் திறக்கும். மகரந்தம் காற்றில் வர வேண்டும், அதுக்காக. அந்த நேரத்தில் மகரந்தத்துக்கு முன்னாடி ஒரு பூஞ்சையின் வித்து உள்ளே புகுந்துட்டா, அந்தப் பூவில் தானியம் பிடிக்காது. முதலில் ஒட்டும் பிசுபிசுப்பான தித்திப்பு நீர் ஒழுகும். பூச்சிகள் அதில் உட்கார்ந்து, அடுத்த பூவுக்குப் பூஞ்சையை எடுத்துட்டுப் போகும். பிறகு தானியம் இருக்க வேண்டிய இடத்தில் கருநீல நிறத்தில் ஒரு கொம்பு முளைக்கும். ஒரு சென்டிமீட்டரிலிருந்து நாலு சென்டிமீட்டர் வரை. பார்க்க சேவலின் கால் முள் மாதிரி இருக்கும். பிரெஞ்சு மொழியில் சேவல் முள்ளுக்கு 'எர்காட்' என்று பேர். அதுவே நோய்க்கும் மருந்துக்கும் பேராச்சு.

கவனிச்சீங்களா? பூஞ்சைக்குப் பூ வேண்டும். பூக்கும் முன்பே அறுத்தால் எர்காட் வர வழியே இல்லை. அதனால் ரையைத் தீவனத்துக்கு வளர்ப்பவன் நேரத்தோட அறுத்துட்டா மாடு பிழைத்தது. விட்டுட்டா, அதே வயல் விஷம். அறுவடை நாள் சில வாரம் தள்ளிப் போவதில் இத்தனை இருக்கு.

மாட்டுக்கு என்ன ஆகும்? ரத்தக் குழாய்கள் சுருங்கும். காது நுனி, வால் நுனி, குளம்பு என்று உடம்பின் ஓரங்களுக்கு ரத்தம் போகாமல் கறுத்து, காய்ந்து, உதிரும். மனுஷனுக்கும் இதேதான். மத்திய கால ஐரோப்பாவில் மழை அதிகமா பெய்த வருடங்களில், ரை ரொட்டி தின்ற ஊர் ஊரா ஜனங்களுக்கு கை கால் நெருப்பில் வைத்த மாதிரி எரிந்து, கரிக்கட்டையாகி, ரத்தமே வராமல் கழன்று விழுந்திருக்கு. 'புனித அந்தோணியார் நெருப்பு' என்றார்கள். 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தோணியார் பேரில் ஒரு துறவற சபையே இந்த நோயாளிகளைப் பார்க்க உருவானது. மடத்துக்குப் போனவர்களில் பலர் குணமானதுக்கு ஒரு எளிய காரணம் இருந்திருக்கும். அங்கே கிடைத்த ரொட்டி வேறு.

அப்போ இந்த விஷத்தைப் பிரசவத்துக்கு யார் கொண்டு வந்தது?

டாக்டர்கள் இல்லை. மருத்துவச்சிகள். எர்காட் கலந்த ரை தின்ற கர்ப்பிணிகளுக்குக் கர்ப்பப்பை இறுகுவதைப் பார்த்தவர்கள் அவர்கள்தான். 1582-ல் ஜெர்மனியில் ஆடம் லோனிட்சர் தன் மூலிகை நூலில் இந்தக் கொம்பைப் பெண்கள் பயன்படுத்துவதைக் குறித்து எழுதினார். அச்சில் வந்த பழைய குறிப்புகளில் அது ஒன்று. அதுக்கு முன் எத்தனை தலைமுறை வாய்வழியா போனதோ. பிறகு 200 வருடத்துக்கும் மேல் கழித்து, 1808-ல், அமெரிக்காவில் ஜான் ஸ்டேர்ன்ஸ் என்ற டாக்டர் 'பிரசவத்தை வேகப்படுத்தும் தூள்' என்று ஒரு பத்திரிகைக்கு எழுதினார். டாக்டர்கள் உலகம் அப்போதான் விழித்தது. விழித்ததும் என்ன செய்தார்கள்? அளவே இல்லாமல் கொடுத்தார்கள்.

இங்கதான் ஒரு பெரிய தப்பு நடந்தது. எர்காட் கர்ப்பப்பையை இறுக்கும்போது விட்டு விட்டு இறுக்காது. ஒரே பிடியாகப் பிடிக்கும். பிரசவ வலி என்பது இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகி வரணும். தளரும் இடைவெளியில்தான் குழந்தைக்கு ரத்தம் போகும். குழந்தை உள்ளே இருக்கும்போதே எர்காட் கொடுத்தால் அந்த இடைவெளி இல்லை. குழந்தை மூச்சடைத்துப் போகும், சில நேரம் கர்ப்பப்பையே கிழியும். 1824-ல் நியூயார்க்கின் டேவிட் ஹோசாக், இதைப் 'பிரசவத் தூள்' என்பதைவிட 'மரணத் தூள்' என்று சொல்வதே பொருத்தம் என்றார். குழந்தை வெளியே வந்த பிறகு, ரத்தப்போக்கை நிறுத்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். 200 வருடம் ஆச்சு. இன்றைக்கும் எங்கள் விதி அதேதான்.

ஏன் ரத்தப்போக்குக்கு இது இவ்வளவு முக்கியம்? நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போய்க்கிட்டிருக்கும். நஞ்சுக்கொடி பிரிந்ததும் அத்தனை குழாய்களும் திறந்த வாய். அதைக் கட்டுவது தையலோ மருந்தோ கிடையாது, கர்ப்பப்பைத் தசைதான். தசை நார்கள் குறுக்கும் நெடுக்குமா ஓடும், ரத்தக் குழாய்கள் அதுக்கு நடுவில் நுழைந்து போகும். தசை இறுகினால் ஒவ்வொரு குழாயும் சுருக்குப் போட்ட மாதிரி அடையும். தசை தளர்ந்து கிடந்தால், கணக்குப் போட்டுப் பாருங்க, பத்து நிமிடத்தில் என்ன மிஞ்சும்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இன்றும் வருடத்துக்குச் சுமார் 70,000 பெண்கள் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் இறக்கிறார்கள்.

எர்காட் தூளிலும் கஷாயத்திலும் ஒரு பெரிய குறை. ஒரு பாட்டில் வேலை செய்யும், அடுத்தது செய்யாது. எந்த வயல், எந்த வருட மழை, எத்தனை நாள் கிடங்கில் கிடந்தது என்பதைப் பொறுத்து வீரியம் மாறும். உள்ளே வேலை செய்யும் பொருள் எது என்றே தெரியாது. 1918-ல் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் எர்கோடமைன் என்ற பொருளைப் பிரித்தார், இதுதான் அது என்று எல்லோரும் நினைத்தார்கள். 1932-ல் லண்டனில் சாஸர் மோயர் என்ற இளம் மகப்பேறு மருத்துவர், பிரசவித்த பெண்களின் கர்ப்பப்பை அழுத்தத்தைக் கருவி வைத்துப் பதிவு செய்துகொண்டே பழைய பாணி எர்காட் சாறைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார். அந்தச் சாறில் எர்கோடமைன் கிட்டத்தட்ட இல்லை. வேலை செய்யக்கூடாது. ஆனா சில நிமிடத்தில் அவர் அதுவரை பார்க்காத வேகத்தில் கர்ப்பப்பை இறுகியது. அப்போ உள்ளே வேறொருவன் இருக்கான்! 1935-ல் அவரும் ஹெரால்ட் டட்லி என்ற வேதியியலாளரும் அவனைப் பிடித்துப் பேர் வைத்தார்கள்: எர்கோமெட்ரின். அதே சமயத்தில் பாஸல், சிகாகோ, பால்டிமோர் ஆய்வுக்கூடங்களும் அதே பொருளைப் பிடித்து ஆளுக்கொரு பேர் வைத்தன. இன்றும் அமெரிக்கப் புத்தகத்தில் வேறு பேர், நம்ம புத்தகத்தில் வேறு பேர். படிக்கிற பசங்களுக்குத்தான் தலைவலி.

பழைய மருத்துவச்சிகள் சொன்னது சரி என்று நிரூபிக்க 350 வருடம் ஆகியிருக்கு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-லிருந்து இருக்கு. 1938-ல் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் கிருஷ்ண மேனனும் எழுதிய மகப்பேறு மருத்துவப் பாடநூல் வந்தது, திருத்தித் திருத்தி இன்றுவரை எங்கள் எம்பிபிஎஸ் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதாவது, 1930-களின் முடிவில் சென்னை மாகாணத்தில் பிரசவம் பார்க்கத் தெரிந்த மருத்துவர்கள் இருந்தார்கள், ஆஸ்பத்திரி இருந்தது. ஆனா எர்காட் எங்கிருந்து வரும்? ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, ரஷ்யா. கப்பலில்.

1939-ல் போர் ஆரம்பித்தது. போலந்து விழுந்தது. கடல் பாதை எல்லாம் நீர்மூழ்கிகள். 1942 மார்ச்சில் ஜாவாவும் ஜப்பான் கைக்குப் போக, உலகின் கொய்னா வரத்தில் பெரும்பகுதி ஒரே அடியில் நின்றது. மலேரியாவுக்கு வேறு மருந்து பெரிசா இல்லாத காலம். நீலகிரிக்கு அதில் ஒரு அனுபவம் உண்டு. 1860-களிலேயே தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா மரத்தைக் கொண்டுவந்து தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டு, பட்டையிலிருந்து கொய்னா எடுத்த மலை அது. மருந்து வெளியிலிருந்து வராவிட்டால் மலையில் பயிர் பண்ணலாம் என்ற யோசனை இங்கே புதுசு இல்லை.

எர்காட்டுக்கு அந்த வேலையை எடுத்தவர்கள் டாக்டர்கள் அல்ல. கோயம்புத்தூரில் இருந்த சென்னை மாகாண வேளாண் துறையின் பூஞ்சை நிபுணர்கள். கே.எம். தாமஸ், டி.எஸ். ராமகிருஷ்ணன். நெல் குலைநோய், கம்பு நோய், சோள நோய் என்று பயிரைக் காப்பாற்றுவதே அவர்கள் தொழில். வாழ்நாள் முழுக்க நோயை விரட்டியவர்களிடம், இந்தப் புல்லுக்கு நோய் வர வையுங்க என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்! 1942-ல் மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னலில் 'தென்னிந்தியாவில் எர்காட் சாகுபடி' பற்றி இவர்கள் கட்டுரை வந்தது.

எப்படிச் செய்வது? கேட்க எளிது. ரை விதைக்கணும், கதிர் வரணும், பூஞ்சையைத் தூவணும். நடைமுறையில் ஒவ்வொன்றும் தலைவேதனை.

முதலில் நல்ல வீரியமுள்ள எர்காட் கொம்பு ஒன்றிலிருந்து பூஞ்சையைப் பிரித்து ஆய்வுக்கூடத்தில் வளர்க்கணும். அதை வேகவைத்துக் கிருமி நீக்கிய தானியத்தில் ஏற்றிப் பெருக்கணும். தண்ணீரில் கழுவினால் வித்துகள் கலந்த கலங்கல் நீர் கிடைக்கும். கதிர் தலை நீட்டி, பூ திறக்கும் நாட்களில் இதை வயலில் தெளிக்கணும், இல்லைன்னா ஊசிமுனையை அந்த நீரில் நனைத்துக் கதிரைக் குத்தணும். பூ கருவுற்றுச் சில நாள் ஆகிவிட்டால் அந்தப் பூவில் பூஞ்சை ஏறாது. ரைக் கதிர் எல்லாம் ஒரே நாளில் பூக்காது, ஒரு கதிருக்குள்ளேயே நடுவில் முதலில், ஓரத்தில் பிறகு. அதனால் திரும்பத் திரும்பப் போகணும். மழை பெய்தால் தெளித்தது கழுவிப் போகும், பெய்யாமல் காய்ந்தால் வித்து முளைக்காது. மூடுபனியும் தூறலுமா இருக்கும் மலை வானிலை இதுக்குத் தோது.

ஒன்றரை, இரண்டு மாதத்தில் கொம்புகள் முற்றும். எல்லாம் ஒரே சமயம் முற்றாது, முற்றியது உதிர்ந்து மண்ணில் விழுந்துவிடும். ஆகவே கையால் பொறுக்கணும், ஒவ்வொரு கதிரா. நீலகிரியில் தேயிலை பறிக்கும் கைகளுக்கு வேலையின் தன்மை புதுசு இல்லை என்றாலும், இது விஷம். பிறகு நல்லா காயவைத்து, ஈரமும் சூடும் படாமல் வைக்கணும். இல்லைன்னா பொறுக்கின உழைப்பெல்லாம் வீரியம் போய் வெறும் கருப்பு உமி.

சுவிட்சர்லாந்தில் சாண்டோஸ் கம்பெனி இதையே எம்மென்டால் பள்ளத்தாக்கு விவசாயிகளை வைத்துப் பெரிய அளவில் செய்தது. ஊசிப் பலகைகள், பிறகு குத்துவதற்கு இயந்திரங்கள். அதே கம்பெனியில்தான் ஆல்பர்ட் ஹாஃப்மன் எர்காட்டை நோண்டிக்கொண்டிருந்தபோது 1938-ல் எல்எஸ்டியை உருவாக்கினார், 1943-ல் தன்னை அறியாமல் அதன் போதையை அனுபவித்தார். உலகம் அந்தக் கதையைச் சினிமா மாதிரி சொல்லும். அதே மனுஷன் ஸ்டோலுடன் சேர்ந்து மெத்தில் எர்கோமெட்ரினையும் உருவாக்கினார். எத்தனை தாய்கள் அதனால் வீடு திரும்பினார்கள் என்பதைப் பற்றி யாரும் படம் எடுக்கலை.

கோவைக்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். தாமஸ், ராமகிருஷ்ணன், கே.வி. சீனிவாசன் மூவரும் 1945-ல் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வேட்டில், தென்னிந்தியாவில் எர்காட் இயற்கையாகவே புற்களில் வருவதைப் பற்றி எழுதினார்கள். ஆக, வெளிநாட்டுச் சரக்கு என்று நாம் நினைத்த பூஞ்சையின் சொந்தக்காரர்கள் நம்ம புல்வெளியில் ஏற்கெனவே குடியிருந்திருக்காங்க.

போருக்குப் பிறகும் மருந்தியல் பாடப் புத்தகங்களில் 'இந்தியாவில் எர்காட் நீலகிரியில் பயிராகிறது' என்ற வரி ரொம்ப நாள் இருந்தது. மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கின பார்மசி மாணவர்கள் இந்த இழையைப் படித்தால் கை தூக்குங்க. 1960-களின் தொடக்கத்தில் இத்தாலியில் இந்தப் பூஞ்சை வகை ஒன்றை வயலே இல்லாமல் தொட்டித் திரவத்தில் வளர்த்து, அடிப்படைப் பொருளை எடுக்க வழி கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு கதிர் கதிராப் பொறுக்கும் வேலைக்கு மவுசு குறைந்தது.

இதை எல்லாம் ஏன் கிளறுறேன்னா, தீவனப் புல்லும் இந்தப் பூஞ்சைக் குடும்பமும் அதோடு பிரியவில்லை. அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்க. 1931-ல் கென்டக்கி மாநிலத்தில் ஒரு மலைச்சரிவுப் பண்ணையில், குளிரிலும் வறட்சியிலும் பச்சையா நிற்கும் ஒரு உயர ஃபெஸ்க்யூ புல்லைப் பேராசிரியர் ஒருவர் பார்த்தார். விதை எடுத்துச் சோதித்து 1943-ல் 'கென்டக்கி 31' என்று வெளியிட்டார்கள். விவசாயிகள் கொண்டாடினார்கள். லட்சக்கணக்கான ஏக்கரில் மேய்ச்சலுக்கும் உலர் புல்லுக்கும் இதுதான். ஆனா கொஞ்ச வருடத்தில் புகார். புல் அருமையா இருக்கு, மாடு தேறலை. வெயிலில் மூச்சு வாங்குது, குளிரில் குளம்பு அழுகுது, பால் குறையுது. எர்காட் மாதிரியே இருக்கு, ஆனா கதிரில் கொம்பு எதுவும் இல்லை! 1970-களில்தான் தெரிந்தது. பூஞ்சை புல்லுக்கு வெளியே இல்லை, உள்ளே, இலையின் செல்களுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாமல் குடியிருந்தது. அந்தப் பூஞ்சை தயாரிக்கும் எர்காட் வகை விஷம்தான் புல்லைப் பூச்சியிலிருந்து காப்பாற்றியது. புல் ஏன் அவ்வளவு உறுதியா இருந்தது, மாடு ஏன் நலிந்தது, இரண்டுக்கும் ஒரே காரணம்.

அதில் பால் குறைந்தது என்றேனே, அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எர்காட் குடும்பப் பொருட்கள் மூளையில் டோபமைன் போல நடித்து, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனைக் குறைக்கும். அதையே நாங்கள் வேணும்னு செய்யும் இடம் உண்டு. குழந்தையை இழந்த தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கும்போது, அல்லது புரோலாக்டின் கூடிப் போய் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு, கேபர்கோலின் மாத்திரை எழுதுவோம். அதுவும் எர்காட் வழி வந்த மருந்துதான். கென்டக்கி மாட்டுக்கு நஷ்டம், இங்கே சிகிச்சை.

சரி, இன்றைக்கு நிலைமை என்ன? இப்போது முதல் மருந்து ஆக்சிடோசின். குழந்தை பிறந்த உடனே ரத்தப்போக்கு வராமல் தடுக்கவும், வந்தால் நிறுத்தவும். அது போதாதபோது மெத்தர்ஜின், கார்போபுரோஸ்ட், மிசோபுரோஸ்டால், டிரானெக்ஸாமிக் ஆசிட். ரத்த அழுத்தம் அதிகமா இருக்கும் தாய்க்கு மெத்தர்ஜின் கூடாது. ரத்தக் குழாயைச் சுருக்கும் பழைய புத்தி அதுக்குப் போகலை, பிரஷர் எகிறிப் பக்கவாதம்கூட வரலாம். அதனால்தான் ஒவ்வொரு மாத செக்கப்பிலும் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்க்கிறோம், ஏட்டில் எழுதுகிறோம். "சும்மா பிரஷர் மட்டும் பார்த்து அனுப்பிட்டாங்க" என்று சலித்துக்காதீங்க. நடுராத்திரி எந்த ஆம்பூலை உடைக்கலாம், எதை உடைக்கக்கூடாது என்று முடிவு பண்ணுவது அந்த எண்தான். பிரசவ தேதி நெருங்கும்போது அந்த அட்டையை மறக்காமல் எடுத்துட்டு வாங்க.

இன்னொரு சிக்கல் வெயில். எர்கோமெட்ரின் ஊசி 2-லிருந்து 8 டிகிரிக்குள், இருட்டில் இருக்கணும். 1990 வாக்கில் உலக சுகாதார நிறுவனம் வெப்ப நாடுகளில் ஆய்வு பண்ணியபோது, சூட்டிலும் வெளிச்சத்திலும் கிடந்த எர்கோமெட்ரின் ஊசிகள் வீரியம் இழந்திருப்பது தெரிந்தது. சாறு காலத்தில் இருந்த அதே நோய், ஒரு பாட்டில் வேலை செய்யும், அடுத்தது செய்யாது. மே மாதத்தில் நம்ம பக்கம் 40 டிகிரி தொடும்போது கரண்ட் போனால் வார்டு சிஸ்டர் முதலில் ஓடுவது ஃப்ரிட்ஜைப் பார்க்க. குளிரில் பிறந்த புல், அதன் மருந்தும் குளிர் கேட்குது.

தமிழ்நாட்டில் 2018-20 கணக்கெடுப்பின்படி ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய் மரணம். அதே கணக்கில் இந்தியாவுக்கு 97. இதில் ஆம்பூலின் பங்கு ஒரு பகுதிதான். 108, ரத்த வங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 24 மணி நேர நர்ஸ், வீட்டுக்கு வந்து விடாமல் கூப்பிட்ட கிராம சுகாதார செவிலியர் எல்லாம் சேர்ந்தது. 54 என்பது நல்ல எண் என்று சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரலை. ஒவ்வொன்றும் ஒரு வீடு.

கடைசியா, இதைப் படித்துட்டு யாராவது கேட்பீங்க: "டாக்டர், கம்புக்கும் இந்த நோய் வருமே, கம்பங்கூழ் குடிக்கலாமா?"

நல்ல கேள்வி. வரும். கம்பில் 'தேன் ஒழுகல் நோய்' என்று நம்ம விவசாயிகள் சொல்வது இதேதான், பூஞ்சை கொஞ்சம் வேற இனம். 1975-ல் ராஜஸ்தானில் அப்படிப்பட்ட கம்பைத் தின்றவர்களுக்கு விஷம் ஏறியதை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன விஞ்ஞானிகள் போய்ப் பார்த்து எழுதியிருக்காங்க. குமட்டல், வாந்தி, தலைசுற்றல், அசதித் தூக்கம். கம்பு எர்காட்டில் இருக்கும் பொருட்கள் வேறு என்பதால் கை கால் கறுத்துப் போகும் ஐரோப்பியக் கதை இங்கே நடக்கலை.

தடுக்கும் வழி வீட்டுக்குள்ளேயே இருக்கு. விதைக் கம்புக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது: பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ கல்லுப்பு கரைத்து, கம்பைக் கொட்டிக் கலக்குங்க. நல்ல மணி அடியில் தங்கும். எர்காட் கொம்பு எடை குறைவு, மேலே மிதக்கும். அரித்து எடுத்துக் கொட்டிடுங்க, மாட்டுக்குப் போட்டுடாதீங்க. அடியில் தங்கிய மணியை நல்ல தண்ணியில் ரெண்டு மூணு தடவை அலசி நிழலில் காயவைக்கணும். சாப்பிட வாங்கும் கம்பில் மணியைவிட நீளமா, கறுப்பா, உடைத்தால் உள்ளே வெளிறிய ஏதாவது தெரிந்தால் அந்த மூட்டையைத் திருப்பிக் கொடுத்துடுங்க.

மற்றபடி சித்திரை வந்தா ரோட்டோரத்தில் மோர் மிளகாயோட ஒரு சொம்பு கூழ் தாராளமா குடிங்க. நானும் குடிப்பேன்.